தாத்தா முகம் இறங்காத வருசம்

குருசுத்துறையில் கிறிஸ்மஸ் தாத்தாவின் முகம் ததேயுவின் முகத்தோடு ஒட்டிக்கொண்டு கழற்ற முடியாமல் போனது, பனி கடற்கரை மணலை ஈரமாக்கிவிட்டுப் போயிருந்த ஒரு கிறிஸ்மஸ் காலையில்தான் தெரியவந்தது. அதற்கு முந்தின மாதம்தான் அவருடைய ஒரே மகன் பெர்க்மான்ஸைக் கடல் கொண்டுபோயிருந்தது. ஆகவே அந்த வீட்டைப் பற்றி ஊரில் இரண்டு செய்திகள் இருந்தன. ஊர் என்பது இரண்டு செய்தியில் எது சிரிப்பாக இருக்கிறதோ அதைத்தான் முதலில் கையிலெடுக்கும், இதில் குருசுத்துறையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

அந்த முகம் ததேயுவின் குடும்பத்துக்குச் சொத்தாக வந்ததல்ல, கடமையாக வந்தது. அவருடைய பூட்டன் காலத்தில், கருவாட்டுக்குக்கூட மீன் படாத ஒரு வருசம், அந்த மனுசர் பழைய காகிதத்தை ஊறவைத்து இடித்து, புளியங்கொட்டைப் பசை சேர்த்து, ஒரு பானையின் முதுகில் அப்பிக் காயவைத்து, ரோஸ் சாயம் அடித்து, பஞ்சுத் தாடி ஒட்டி, அதை மாட்டிக்கொண்டு கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் கடலோரத்தில் ஆடினாராம். மறுநாள் கரைமடி வலையில் இழுக்க முடியாத அளவுக்கு நெத்திலி விழுந்ததாம். அன்றிலிருந்து அந்த வீட்டு ஆம்பிளை ஒருவர் வருசா வருசம் தாத்தா ஆக வேண்டும், தாத்தா ஆடாத வருசம் மீன் வராது என்பது வேதபாடத்துக்கு அடுத்தபடியாக ஊரில் நிலைத்துவிட்டது. கல்லறைத் திருநாள் முடிந்ததும் வீட்டில் முகத்தைப் பரணிலிருந்து இறக்குவார்கள். கரப்பான் அரித்த இடத்தைத் தகப்பன் ஒட்டுப்போடுவார், தாய் மைதாப் பசை காய்ச்சிப் புதுப் பஞ்சு ஒட்டுவாள், கன்னத்துக்கும் உதட்டுக்கும் சாயம் அடிப்பது பிள்ளையின் வேலை.

கடைசியாக உதடு வரைந்தவன் பெர்க்மான்ஸ். தூரிகை பிடிக்கிற கையா அது, துடுப்புப் பிடித்த கை. சிவப்பை இழுத்து இழுத்துச் சிரிப்பைக் காது வரைக்கும் கொண்டுபோய்விட்டான்.

"எலேய், இது தாத்தாவா, மீஞ்சட்டியக் கண்ட பூனையா?" என்று கேட்டாள் அவன் தாய் எப்பிராசி.

"சிரிக்கட்டும்மா. வருசத்துல ஒரு நாளுதானே சிரிக்காரு."

அந்தச் சாயம் காய்வதற்குள் அவன் அடுத்த தெருக்காரன் வள்ளத்தில் போனான். காற்று திரும்பியது. வள்ளம் கவிழ்ந்து, கூடப்போனவர்கள் பலகையைப் பிடித்துக் கரை ஏறினார்கள். பெர்க்மான்ஸ் ஏறவில்லை.

கடலில் போனவனின் உடல் கரை சேரும் வரைக்கும் தகப்பன் அழக்கூடாது என்பது அந்தக் கரையின் வழக்கம். தாய் அழலாம், தங்கச்சி அழலாம், ஊரே அழலாம். தகப்பன் கண்ணீர் மண்ணில் விழுந்தால் மட்டும், கணக்குத் தீர்ந்தது என்று கடல் உடலைத் தனக்கே வைத்துக்கொள்ளும். ததேயு மணலில் உட்கார்ந்திருந்தார். எப்பிராசி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கிடந்து புரண்டாள், தொண்டை கிழிந்து குரல் போயிற்று. அவர் மட்டும் ஏதோ வள்ளத்துக்குக் காத்திருப்பவரைப் போல அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடல் வரவில்லை. வழக்கம் அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அந்த வறண்ட கண்ணை அவளால் மன்னிக்க முடியவில்லை. கல்லுக்கும் ஈரம் கசியும், இந்த மனுசனுக்குக் கசியாதா என்று ஒவ்வொரு நாளும் அவள் மனசுக்குள் ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் கரோல் கமிட்டித் தலைவர் அருளப்பன் வந்தார். நல்ல மனுசர்தான், ஆனால் பொதுக்காரியம் என்று வந்துவிட்டால் சொந்தக் கண் அவருக்கு அவிந்துவிடும்.

"துக்க வூடு, கேக்கக் கூடாது, தெரியும் ததேயு," என்றார். "ஆனா இந்த வருசம் மீனும் இல்ல. தாத்தா ஆடலன்னா சனம் ஒடஞ்சி போயிரும் பாத்துக்க. வேற எவனுக்காவது மொகத்தக் குடுப்பம்னா, ஒங்க ரெத்தம் இல்லாம அது ஆடாதுங்கானுவ."

ததேயு எழுந்துபோய் ஏணியைச் சாத்திப் பரணில் ஏறினார். எப்பிராசி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவர் ஆடியதைப் போல அதற்கு முன் எவரும் ஆடியதில்லை என்று பின்னால் எல்லோரும் அவளிடம் சொன்னார்கள், அவளுக்கு அது சந்தோசமாக இருக்கும் என்று நினைத்து.

இங்கே துக்கத் தட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். சாவு நடந்த வீட்டில் அந்த வருசம் நட்சத்திரம் தொங்காது, குடில் கிடையாது, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. கிறிஸ்மஸ் காலையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். வாழ்த்துச் சொல்லமாட்டார்கள். வாசலில் வைத்து, "இது இன்னாருக்கு" என்று செத்தவர் பெயரை ஒருதரம் சொல்வார்கள். வீட்டுக்காரர் உள்ளே இருந்து "வாங்கிட்டாரு" என்று பதில் சொல்வார். அந்தப் பதில் வந்த பிறகுதான் செத்தவர் செத்தவர்களோடு சேர்ந்து உட்காருகிறார், அதுவரைக்கும் அவர் எங்கேயும் சேராமல் அலைந்துகொண்டிருப்பார் என்பது அந்த ஊரின் நம்பிக்கை.

அந்தக் காலையில் பெண்கள் தட்டோடு கிளம்பித்தான் வந்தார்கள். பாதித் தெருவில் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தாத்தா புறப்பட்ட வீடு மங்கல வீடு. மங்கல வீட்டுக்குத் துக்கத் தட்டு கொண்டுபோகலாமா? அப்படி ஒன்று அதுவரை நடந்ததில்லை, ஆகவே வழக்கமும் இல்லை. நின்று பேசினார்கள், பேசிப் பேசி முறுக்கு பனியில் நமத்துப்போனது, கடைசியில் திரும்பிப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுப் பனிமயம் மட்டும் வாசல்வரை வந்தாள். உள்ளே ததேயு தாத்தா முகத்தோடே கட்டிலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள், காதுவரை சிரித்துக்கொண்டிருந்த அந்த முகத்தைக் கண்டதும் என்ன சொல்வதென்று தெரியாமல், "ஹேப்பி கிறிஸ்மஸ் அண்ணே" என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாய் சுட்டது போலத் தட்டைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு ஓடினாள்.

முகம் கழலவில்லை. தேங்காயெண்ணெய் போட்டார்கள், மண்ணெண்ணெய் போட்டார்கள், சாமியார் தீர்த்தம் தெளித்துச் செபித்தார். நாகர்கோவிலில் ஒரு டாக்டர் ஓரத்தை லேசாகக் கீறிப் பார்த்துவிட்டு, இது காகிதமில்லை, தோல், அறுத்தால் ரத்தம்தான் வரும் என்று கட்டுப்போட்டு அனுப்பினார். ஜனவரியில் மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்து ஊரில் நட்சத்திரங்கள் எல்லாம் இறங்கின. தாத்தா முகம் இறங்கவில்லை.

அப்புறம் என்ன, ஊர் பழகிக்கொண்டது. சாவுக்கே பழகுகிற சனத்துக்கு இது எம்மாத்திரம். தை மாதத்தில் சின்னப் பிள்ளைகள் அவர் மடியில் ஏறி மிட்டாய் கேட்டார்கள்; மாசியில் வள்ளக்காரர்கள், தாத்தா ஏறின வள்ளத்துக்கு மீன்பாடு நன்றாக இருக்கிறது என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போவதற்குச் சண்டை போட்டார்கள்; ஏலக்காரர்கள் ஏலம் தொடங்குமுன் அவர் தாடியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஈஸ்டருக்கு முந்தின தவசுகாலம் வந்தபோதுதான் சிக்கல். கோயிலில் சுரூபங்களை எல்லாம் ஊதாத் துணியால் மூடிவிட்டு, இயேசுவின் பாடுகளின் பூசையில் மூன்றாம் வரிசையில் ஒரு முகம் மட்டும் காதுவரை சிரித்துக்கொண்டிருந்தால் எப்படிப் பிரசங்கம் வைப்பது? சாமியார் யோசித்து, மிச்சமிருந்த ஊதாத் துணியில் ஒரு முழம் கிழித்து ததேயுவுக்கும் கொடுத்தார். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதையில் அவர் அதைப் போர்த்திக்கொண்டு, எப்பிராசியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சாவு வீடுகளில் அவரைப் பின்வரிசையில் நிற்கச் சொன்னார்கள். கல்யாண வீடுகளில் போட்டோவுக்கு நடுவில் நிற்கச் சொன்னார்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

இதில் ஒன்று மட்டும் காணாமல் போனது. பெர்க்மான்ஸ் என்ற பெயரை யாரும் சொல்வதில்லை. முன்னால் "பெர்க்மான்ஸ் வூடு" என்று இருந்தது இப்போது "தாத்தா வூடு" ஆகிவிட்டது. கடற்கரையில் எப்பிராசியைப் பார்க்கிற பெண்கள், "தாத்தா நல்லா இருக்காரா?" என்று கேட்டார்கள், அப்படிக் கேட்கும்போதே வாயோரத்தில் சிரிப்பு வந்துவிடும், அவர்கள் என்ன செய்வார்கள், அந்த முகத்தை நினைத்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். என் பிள்ளை செத்தது இவர்களுக்கு மறந்தேபோயிற்று, இந்த மனுசனின் சிரிப்பு அதைத் தின்றுவிட்டது என்று அவள் வயிறு எரிந்தது. அவன் எந்தக் கூட்டத்திலும் சேராமல் அலைந்துகொண்டிருக்கிறான். அந்த வருசம் முழுக்க அவள் மீன் தொடவில்லை. நேர்ச்சை போலிருக்கிறது என்று ஊர் நினைத்துக்கொண்டது.

புருசனுக்கு அவள் தட்டில் கஞ்சி வைத்தாள், அவர் அதை அந்தச் சிவப்பு உதட்டுக்கு நடுவிலிருந்த துளை வழியாக உறிஞ்சிக் குடித்தார். பேச்சு நாளுக்கு நாள் குறைந்தது. பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கொழகொழவென்று வந்தது. அவர் புரண்டு படுக்கும்போது தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்டது. கடல்தானே பக்கத்தில் கிடக்கிறது என்று அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஒருநாள் அவருடைய பழைய முகத்தை நினைத்துப் பார்த்தாள். மூக்கு நினைவுக்கு வந்தது, மச்சம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியவில்லை.

கல்லறைத் திருநாள் மறுபடி வந்தது. எல்லோரும் தங்கள் கல்லறைக்குச் சுண்ணாம்படித்து மாலை போட்டு மெழுகுதிரி ஏற்றினார்கள். எப்பிராசிக்குக் கல்லறை இல்லை. அவள் சாமியாரிடம் போய், ஒரு குழி கொடுங்கள், அவன் சட்டையையாவது வைக்கிறேன் என்று கேட்டாள்.

"ஒடம்பு இல்லாம குழி குடுக்க முறை இல்லம்மா," என்றார் சாமியார். வருத்தத்தோடுதான் சொன்னார்.

அவள் கடலோர மணலில் திரியை நட்டு ஏற்றினாள். காற்று அணைத்துவிட்டது. ஆண்டுப் பூசைக்கு எழுதிவைத்தாள். அந்தச் சாயங்காலம் கரோல் பாட்டுப் பயிற்சி இருந்ததால் பூசைக்கு அவளும் ததேயுவும் உபதேசியாரும் மட்டும்தான் இருந்தார்கள். சிரித்த முகத்தோடு அவர் முழங்காலில் நின்றார். பக்கத்துக் கூடத்திலிருந்து தாளம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் வந்தது. இந்தத் தடவை கமிட்டி கேட்கக்கூட இல்லை, தாத்தாதான் தயாராக இருக்கிறாரே. வெயில் தாழ்ந்ததும் டிரம் அடித்துக்கொண்டு தெருமுனையில் கூட்டம் புறப்பட்டது. எப்பிராசி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ததேயுவின் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கேன், நேரா சொல்லும். நம்ம பிள்ளைக்காவ நீரு ஒரு சொட்டு அழுதீரா?"

முகம் சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளிருந்து குரல் வந்தது.

"அழுதேன்."

"எப்ப?"

"தெனமுந்தான்."

"எங்க வச்சி அழுதீரு? நான் பாக்கலியே."

அவர் ஒரு விரலால் அந்த ரோஸ் கன்னத்தைத் தட்டினார். "இதுக்குள்ள. தகப்பன் கண்ணீரு மண்ணுல விழப்பிடாதுல்லா. இதுக்குள்ள அழுதா விழாது. அன்னைக்கு அதுக்குத்தான் மாட்டுனேன். ஆடிட்டே அழுதேன். பொறவு கழத்தத் தோணல, பொறவு கழலவும் இல்ல."

எப்பிராசி அந்தக் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். முற்றாத தேங்காய் போலக் குளிர்ந்து கனத்திருந்தது. ஒரு வருசம் பக்கத்தில் படுத்திருக்கிறேன், சத்தம் கேட்டிருக்கிறேன், இந்த மனுசனைக் கல் என்று வைதிருக்கிறேன் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"வருவாம்னு இருக்கீரா?"

"முழுசா வரமாட்டாம்னு தெரியும். ஒரு கையாவது வரும், ஒரு வெரலாவது வரும்னு இருந்தேன். வந்தா ஒனக்கு ஒரு குழி கெடைக்கும்லா."

வெளியே டிரம் சத்தம் பக்கத்தில் வந்துவிட்டது. அருளப்பன், "தாத்தாவ அனுப்பும்மோ," என்று கதவைத் தட்டினார். எப்பிராசி எழுந்துபோய்ச் சுவரில் செருகியிருந்த கோணி ஊசியை எடுத்துக்கொண்டு வந்தாள். இந்த ஊசி இறங்கினால் அவன் வரமாட்டான். விரல்கூட வராது. அதை அவள் வாயால் சொல்லவேண்டியிருந்தது, சொல்லாமல் குத்த முடியாது.

"இனி அவன் வரமாட்டான்," என்றாள். "நாம விட்டுருவோம்."

வருசம் முழுக்க எல்லோருக்கும் ஆட்டிய அந்தத் தலையை ததேயு அவளுக்கும் ஆட்டினார்.

சிரிப்பின் ஓரத்தில், காதுக்குப் பக்கத்தில், பெர்க்மான்ஸ் கடைசியாகத் தூரிகையை எடுத்த இடத்தில் அவள் ஊசியை இறக்கினாள். ரத்தம் வரவில்லை. முதலில் ஒரு சொட்டு, பிறகு நூல் மாதிரி, பிறகு மடை திறந்த மாதிரி. அது அவர் மடியை நனைத்து, தரையில் ஓடி, கதவின் அடியில் புகுந்து, தெருவில் நின்றவர்களின் காலை நனைத்து, டிரம்மைத் தரையில் வைத்திருந்தவனின் டிரம்மை மிதக்கவிட்டு, தெரு நெடுகப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு வருசத்துத் தண்ணீர். குனிந்து தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்த அருளப்பன் உப்பு என்றார். கடல் ஏறிவிட்டதோ என்று ஓடப்போனவர்கள், அது வீட்டுக்குள்ளிருந்து வருவதைப் பார்த்து நின்றார்கள். என்னவென்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்தத் தெருவில் கடலுக்குப் பிள்ளை கொடுக்காத வீடு அபூர்வம். உடல் வரும் வரும் என்று கண்ணை இறுக்கிக்கொண்டு கிழவர்களாகிப்போன தகப்பன்மார் ஒவ்வொருவராக அந்தத் தண்ணீரில் உட்கார்ந்து, வாய்விட்டு, வெட்கப்படாமல் அழுதார்கள்.

உள்ளே, தண்ணீர் வடிந்ததும் முகம் தானாகக் கழன்று எப்பிராசியின் மடியில் விழுந்தது. அதன் அடியிலிருந்தது ததேயுவின் முகமல்ல. நெடுநாள் தண்ணீரில் கிடந்து வெளுத்து, ஊதி, சுருங்கி, புருவம் கரைந்து, வயது அழிந்துபோன முகம், பல நாள் கழித்துக் கடல் திருப்பித் தருகிறவர்களுக்கு இருக்குமே, அந்த முகம். ஆனால் தாய்க்கு அடையாளம் தெரியும். தாடை அவனுடையது. மேலுதட்டின் வெட்டு அவனுடையது. மகனே என்று அவள் போட்ட சத்தத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ஊர் உள்ளே வந்தது.

ததேயு உயிரோடுதான் இருந்தார். என்ன செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பாயில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். எப்பிராசி நல்ல தண்ணீர் கொண்டுவந்து அந்த முகத்தைக் கழுவினாள், துடைத்தாள், முத்தமிட்டாள். ஊர் வரிசையாக வந்து பார்த்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. சாமியார் வந்தார். பாயில் கிடந்த முகத்தையும் அவள் மடியில் கிடந்த முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். முறை தெரிந்தவர் வெளியே வந்து, "குழி வெட்டுங்க," என்றார்.

பெட்டியில் அந்தக் காகித முகத்தை வைத்தார்கள், அதன் மேல் பெர்க்மான்ஸின் சட்டையைப் போர்த்தினார்கள். ததேயு பாயிலிருந்து எழுந்து, தகப்பன் போகவேண்டிய இடத்தில், பெட்டிக்குப் பின்னால் நடந்தார். அந்த வருசம் கடலோரத்தில் தாத்தா ஆடவில்லை. மறுநாள் மீன் பட்டதா என்று கேட்பவர்கள் இன்றைக்கும் உண்டு. மறுநாள் யாரும் கடலுக்குப் போகவில்லை, ஆகவே தெரியாது.

கிறிஸ்மஸ் காலையில் அந்த வீட்டில் நட்சத்திரம் இல்லை, அடுப்பு புகையவில்லை. தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது, பாதித் தெருவில் அது நிற்கவில்லை. முதலில் வந்தவள் பனிமயம். முந்திரிக்கொத்துத் தட்டை வாசலில் வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல், ஒரு வருசம் தாமதமாக அதைச் சொன்னாள்.

"இது பெர்க்மான்ஸுக்கு."

எப்பிராசி புருசன் பக்கம் திரும்பினாள். உள்ளே கட்டிலில், அந்த வெளுத்த, சுருங்கிய, இனி ஒருபோதும் பழையபடி ஆகாத முகத்தோடு உட்கார்ந்திருந்த ததேயு தொண்டையைச் செருமினார். குரலில் தண்ணீர் இல்லை.

"வாங்கிட்டான்," என்றார்.